கல்யாண கேக்: சாம்பிள் எத்தனை பேரிடம் கேட்கலாம், எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது?

கெடிலக்கரை:
அக்கா கல்யாணம் மே இரண்டாவது வாரம். காலையில பாண்டிச்சேரி திருஇருதய ஆண்டவர் பசிலிக்காவுல திருப்பலி, சாயங்காலம் கடலூர்ல ரிசப்ஷன். 350 பேர். மேடை இருக்கிற ஹாலுக்கு மட்டும் ஏசி உண்டு, பந்தி நடக்கிற இடத்துக்குக் கிடையாது. மூணு அடுக்கு கேக் வெட்டணும், வர்றவங்களுக்கு ஆளுக்கொரு துண்டு பாக்கெட்டுல கொடுக்கணும். இரண்டு பேக்கரி, மூணு ஹோம் பேக்கர்னு அஞ்சு பேரைக் குறிச்சு வச்சிருக்கோம். சாம்பிள் இலவசமா கேட்கலாமா? ஒருத்தர் சொன்ன விலையை இன்னொருத்தர்கிட்ட சொல்லலாமா? சாப்பிட்டுப் பார்த்துட்டு வேண்டாம்னு எப்படிச் சொல்றது? உறவுல பெந்தெகொஸ்தே சபைக்காரங்க இருக்காங்க. முட்டை சாப்பிடாதவங்க 40 பேர் வருவாங்க.

வெண்ணெய்த்தாள்:
முதல்ல நாக்கு இல்ல, தேதி. அஞ்சு பேருக்கும் போன் பண்ணி நாள், நேரம், மண்டபம் இருக்கிற ஊர், ஆள் கணக்கு, உங்க பட்ஜெட் இந்த அஞ்சையும் சொல்லி, அந்த நாள் காலியா இருக்கான்னு கேளுங்க. தவக்காலத்துல கத்தோலிக்கக் கல்யாணம் அநேகமா நடக்காது. அதனால ஈஸ்டர் முடிஞ்சதும் எல்லாரும் ஒரே சமயத்துல கேட்பாங்க, மே மாச முகூர்த்த நாளெல்லாம் வேகமா நிரம்பிடும். கோயில்ல ஓலை வாசிக்கிற வரைக்கும், அதாவது திருமண அறிவிப்பு வாசிக்கிற வரைக்கும், காத்திருக்காதீங்க. தேதி இல்லாதவர்கிட்ட சாம்பிள் வாங்குறது ரெண்டு பக்கத்துக்கும் வீண்.

அஞ்சு பேர் அதிகம், மூணு போதும். நாலாவது கேக்கைச் சாப்பிடும்போது முதல் கேக் ருசி நினைவுல நிக்காது.

இலவசமாக் கேட்கறது சரியில்ல. நாலு சுவையில சின்னச் சின்ன சாம்பிள் செய்யணும்னாலும் நாலு தடவை மாவு கலக்கணும், நாலு கிரீம் அடிக்கணும். ஒரு ஹோம் பேக்கருக்கு அது அரை நாள் வேலை. “சாம்பிளுக்கு எவ்வளவு, புக் பண்ணினா அதைக் கழிச்சுக்குவீங்களா?”ன்னு நீங்களே கேட்டுடுங்க. செவ்வாய், புதன் மாதிரி வார நடுவுல போங்க. வெள்ளி, சனியில ஆர்டர் நெருக்கடி, அப்போ பொறுமையாப் பேச அவங்களால முடியாது. பொண்ணு, மாப்பிள்ளை, முடிவு எடுக்கிற பெரியவர் ஒருத்தர்னு மூணு பேர் போனா போதும். சித்தி, பெரியம்மா குடும்பமெல்லாம் சேர்ந்து போனா ஆளுக்கொரு ருசி சொல்லி முடிவு எடுக்க விடமாட்டாங்க.

ஒரு பேக்கர் கொடுத்த டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு அடுத்தவர் வாசல்ல நிக்காதீங்க. “அவங்க செஞ்ச டிசைனை அப்படியே செய்வீங்களா”ன்னு படத்தை நீட்டவும் வேண்டாம். உங்களுக்கு அதுல எது பிடிச்சதோ, நிறமோ பூவோ உயரமோ, அதை மட்டும் சொல்லுங்க.

தேங்காய்த்திட்டு:
ருசி பார்க்கிற முறையைப் பத்தி நான் சொல்றேன். மூணு பேர்கிட்டயும் ஒரே சுவையில ஒரு துண்டு கட்டாயம் வாங்குங்க, சாதா வெனிலா. ஒரு இடத்துல சாக்லேட், இன்னொரு இடத்துல பட்டர்ஸ்காட்ச்னு வாங்கினா நீங்க சுவையைத்தான் ஒப்பிடுறீங்க, கைப்பக்குவத்தை இல்ல. வெனிலாவுல எதையும் மறைக்க முடியாது: முட்டை வாடை, சோடா கசப்பு, காய்ஞ்ச ஸ்பாஞ்ச் எல்லாம் தெரிஞ்சிடும். ஷோகேஸ்ல இருக்கிற பேஸ்ட்ரி சாம்பிள் ஆகாது. கல்யாண கேக்குக்கு எந்த கிரீம் பூசுவாங்களோ அதே கிரீமோட கொடுக்கச் சொல்லுங்க.

முதல்ல கிரீமை ஒதுக்கிட்டு ஸ்பாஞ்சை மட்டும் சாப்பிடுங்க. அப்புறம் கிரீமைத் தனியா, கடைசியில ரெண்டையும் சேர்த்து. நடுவுல வெறும் தண்ணி குடிங்க, காபி வேண்டாம். கிரீம் கரைஞ்ச பிறகும் மேலண்ணத்துல மெழுகு மாதிரி ஒட்டி நின்னா அது தாவரக் கொழுப்பு விப்பிங் கிரீம். தப்புன்னு சொல்லல, நம்ம ஊர் வெயிலுக்கு அது பால் கிரீமைவிட நேரம் தாங்கும். ஆனா விலை குறைவான பொருள், அதுக்குப் பால் கிரீம் விலை கொடுக்கக் கூடாது. சாக்லேட்டும் அப்படித்தான். காம்பவுண்டுல கோகோ பட்டருக்குப் பதிலா வேற தாவரக் கொழுப்பு இருக்கும். எது போடுறீங்கன்னு சாதாரணமாக் கேளுங்க, குற்றம் கண்டுபிடிக்கிற தொனி வேண்டாம். ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே ஸ்பாஞ்ச் கெட்டியா இருந்தா அதை வச்சு முடிவு பண்ணாதீங்க. வெண்ணெய் போட்ட கேக் குளிர்ல இறுகத்தான் செய்யும், அரை மணி நேரம் வெளியில வச்சுச் சாப்பிடுங்க.

இப்போ முக்கியமான விஷயம். உங்க கல்யாணம் கத்திரி வெயில்ல. ஜனவரி, பிப்ரவரியில வாங்குற சாம்பிள் மே மாசத்தைப் பத்தி எதுவும் சொல்லாது. தையில கல்லு மாதிரி நிக்கிற பட்டர் கிரீம் மே மாசம் 35 டிகிரியில வழியும். ஃபாண்டன்ட், அதாவது கேக் மேல போர்த்துற சர்க்கரை மாவுத் தாள், வேற விதமாக் கெடும்: ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து கடற்கரை ஊரோட ஈரக் காத்துல வச்சதும் மேல தண்ணி முத்து முத்தாப் பூக்கும், பிசுபிசுக்கும். அடர்ந்த சிவப்பு, நீல நிறம்னா கீழ ஓடும். அதனால, “மே மாசம் ஏசி இல்லாத இடத்துக்கு எதைப் பூசுவீங்க?”ன்னு கேளுங்க. டார்க் சாக்லேட் ரெண்டு பங்கு, கிரீம் ஒரு பங்குன்னு கெட்டியான கனாஷ் பூசி, மேல மெல்லிசா ஃபாண்டன்ட்னு பதில் வந்தா ஆளுக்கு வேலை தெரியும். முடிஞ்சா ஏப்ரல்ல இன்னொரு துண்டு காசு கொடுத்து வாங்கி, மத்தியானம் ஃபேன் மட்டும் ஓடுற அறையில ஒரு மணி நேரம் தட்டுல வச்சுப் பாருங்க. கிரீம் சரியுதா, ஸ்பாஞ்ச்ல இருந்து பாகு கசியுதான்னு தெரிஞ்சிடும்.

பாண்டியில சில குடும்பங்கள் பிரெஞ்சு வழக்கப்படி குரோக்கம்பூஷ் கேட்பாங்க, அதாவது கிரீம் அடைச்ச சின்ன உருண்டைகளைக் கேரமல்ல ஒட்டிக் கோபுரமா அடுக்குறது. கேரமல் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து இளகிடும். கடலூர்ல சாயங்காலம் வைக்கிறதை பாண்டியில காலையில கட்டினா நிக்காது.

கெடிலக்கரை:
ரொம்ப நன்றிங்க. வெயில் விஷயம் எங்களுக்குத் தோணவே இல்ல. விலையை எப்படி ஒப்பிடுறது? ஒருத்தர் கிலோ கணக்குல சொல்றார், இன்னொருத்தர் மொத்தமா ஒரு தொகை சொல்றார்.

அளவுகரண்டி:
ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கணக்கைக் கொடுத்தாத்தான் ஒப்பிட முடியும். பாக்கெட் துண்டு 50 கிராம்னு வைங்க. கிலோவுக்கு 20 வரணும், ஓரம் வெட்டுறது, உதிர்றது போக 18 தான் கைக்கு வரும். 350 பேருக்கு 20 கிலோ. இவ்வளவையும் அடுக்கு கேக்காச் செய்யச் சொன்னா பணம் அலங்காரத்துலயே போயிடும். மேடையில மேல் அடுக்கு மட்டும் 6 அங்குலம், ஒரு கிலோ நிஜக் கேக். கீழ ரெண்டும் தெர்மாகோல் டம்மி. பாக்கெட்டுக்கு அலங்காரம் இல்லாத ஸ்லாப் கேக். இப்படி எழுதி மூணு பேருக்கும் ஒரே மெசேஜா அனுப்புங்க. ஜிஎஸ்டி, டெலிவரி, ஸ்டாண்டு டெபாசிட், மண்டபத்துல வந்து அடுக்குற கூலி, பாக்கெட் போடுற செலவு இதெல்லாம் உள்ளேயா வெளியேயான்னு தனித்தனியாக் கேளுங்க. உணவுப் பாதுகாப்பு பதிவு எண் 14 இலக்கம் இருக்கும், ஹோம் பேக்கர்கிட்டயும் அதைக் கேட்கிறதுல தப்பில்ல.

முட்டை இல்லாத 40 துண்டு வேற நிறப் பாக்கெட்டுல, வேற கத்தியால வெட்டினதா இருக்கணும். பெந்தெகொஸ்தே உறவுக்காரங்களுக்காக ப்ளம் கேக்குல ரம் வேண்டாம்னா, பழத்தைத் திராட்சைச் சாறுல ஊறவைக்கச் சொல்லுங்க. அது ரம் கேக் மாதிரி வாரக்கணக்கில் நிக்காது, கல்யாணத்துக்கு மூணு நாலு நாள் முன்னாடி சுட்டாப் போதும். அதோட சாம்பிளையும் தனியாக் கேட்டு வாங்குங்க, ருசி வேற மாதிரி இருக்கும்.

ஒருத்தர் கொட்டேஷனை அடுத்தவர்கிட்ட காட்டிப் பேரம் பேசாதீங்க. “எங்களால இவ்வளவுதான் முடியும், எதைக் குறைச்சுக்கலாம்?”னு கேட்டா அவங்களே வழி சொல்வாங்க. சர்க்கரைப் பூவைக் குறைச்சாலே நல்லா இறங்கும், ஒவ்வொரு இதழும் கையால செஞ்சு காய வைக்கிறது. யோசிக்க நேரம் வேணும்னா, “வியாழக்கிழமை வரைக்கும் தேதியைப் பிடிச்சு வைங்க”ன்னு நாள் சொல்லிக் கேளுங்க, வியாழக்கிழமை கட்டாயம் பதில் சொல்லுங்க. வேண்டாம்னா ரெண்டே வரி: “சாம்பிள் நல்லா இருந்துச்சு, நன்றிங்க. வேற இடத்துல முடிவு பண்ணிட்டோம், எங்களுக்காக வச்சிருந்த தேதியை நீங்க வேறவங்களுக்குக் கொடுத்துடலாம்.” காரணம் சொல்ல வேண்டியதில்ல. பதிலே சொல்லாம விடுறதாலதான் அவங்களுக்கு நஷ்டம், அந்த ஒரு நாள் மே மாசத்துல திரும்பக் கிடைக்காது.

புக் பண்றதை வாய்ப்பேச்சா விடாதீங்க. எடை, சுவை, நிறம், படம், டெலிவரி நேரம், அட்வான்ஸ், தேதி மாறினா அட்வான்ஸ் என்னாகும், எல்லாத்தையும் ஒரே மெசேஜ்ல எழுதி “சரி”ன்னு பதில் வாங்குங்க. பேக்கர் பாண்டியில இருந்து வர்றார்னா அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் வழியா வேகத்தடையும் நெரிசலும் உண்டு. அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியில ஏசி காருல கொண்டுவந்து மண்டபத்துல அடுக்கணும். நிஜ அடுக்கு ஒண்ணுக்கு மேல வச்சா உள்ள குச்சித் தாங்கல் போடுறாரான்னு கேளுங்க, இல்லன்னா மேல் கேக் கீழ் கேக்குல அமுங்கிடும்.

வெண்ணெய்த்தாள்:
ஒண்ணு விட்டுப் போச்சு. மேடை அலங்காரக்காரங்க மிச்சமிருக்கிற பூவை கேக் மேல செருகுவாங்க. அரளி விஷம், கேக் மேசைக்கே வரக் கூடாது. ரோஜான்னாலும் மருந்து அடிச்சிருப்பாங்க, காம்புல பிளாஸ்டிக் சுத்தித்தான் செருகணும். பேக்கர்கிட்டயும் அலங்காரக்காரர்கிட்டயும் முன்கூட்டியே சொல்லி வச்சிடுங்க.