பக்கத்துத் தெருவில் சூப்பர் மார்க்கெட், கையில் பத்து நிமிஷ ஆப்: சின்ன மளிகைக் கடை எதைப் பிடிச்சு நிக்கிறது?

கடைவீதி_மதுரை கேட்டது:

வணக்கம். மதுரையில் 300 சதுர அடி மளிகைக் கடை. ஆறு மாசம் முன்னாடி வரை தினம் 15,000 ரூபாய் வியாபாரம். சூப்பர் மார்க்கெட்டும் வந்து, பத்து நிமிஷ டெலிவரி ஆப்பும் ஏரியாவுக்குள்ள வந்த பிறகு 11,500 தாண்டுறதில்லை. வாடகை 12,000, கரண்ட் 4,500, பையன் சம்பளம் 14,000, சில்லறைச் செலவு 3,000. சரக்கு 3.2 லட்சத்துக்கு நிக்குது. கடன் நோட்டில் 85,000 வெளியே கிடக்கு. மார்ஜின் சராசரியா 12 சதவீதம்.

எம்ஆர்பியில் 3 சதவீதம் குறைச்சு போர்டு வைக்கலாமா? கடன் நோட்டை மூடிடலாமா? ஜிஎஸ்டியில் காம்போசிஷனுக்கு (விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாக் கட்டுற எளிய முறை) மாறினா மிச்சமாகுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்குநோட்டு:

முதல்ல உங்க கணக்கையே போட்டுப் பார்ப்போம். மாசம் 4.5 லட்சம் வித்தப்ப 12 சதவீதத்துல 54,000 நின்னுருக்கும். செலவு 33,500 போக வீட்டுக்கு 20,500. இப்ப 3.45 லட்சத்துக்கு 41,400. செலவு அப்படியே இருக்கு, கைக்கு வர்றது 7,900. வியாபாரம் நாலுல ஒரு பங்குகூடக் குறையலை, வருமானம் பாதிக்கு மேல போயிருச்சு. வாடகையும் சம்பளமும் வியாபாரத்தோட சேர்ந்து குறையாது, அதனாலதான்.

இந்த நிலைமையில 3 சதவீதம் தள்ளுபடி கொடுத்தா 12 ரூபா நிக்கிற இடத்துல 9 ரூபா நிக்கும். இப்ப வர்ற அதே 41,400 வரணும்னாலே மூணில் ஒரு பங்கு சரக்கு கூடுதலா விக்கணும். சூப்பர் மார்க்கெட்காரன் 8 சதவீதம் குறைச்சு போட்டா உங்க போர்டை யார் பார்ப்பா? அவனுக்குக் கம்பெனியில இருந்தே நேரா சரக்கு வருது. அந்தச் சண்டைக்குப் போகாதீங்க. சோப்பு, பேஸ்ட், டீத்தூள் எல்லாம் கடையில இருக்கணும், ஆனா கேட்டா எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு மட்டும்.

தள்ளுபடியை விட அவசரமான வேலை சரக்குல இருக்கு. நீங்க மாசம் விக்கிற சரக்கோட அடக்கம், அதாவது வாங்கின விலை, ஏறக்குறைய 3.04 லட்சம். கடையில நிக்கிறது 3.2 லட்சம், அதாவது 32 நாள் சரக்கு. மண்டி பக்கத்துலயே, கீழமாசி வீதியில இருக்கிற ஊர்ல இவ்வளவு எதுக்கு? 20 நாளுக்குக் கொண்டு வந்தா 1.2 லட்சம் வெளிய வரும். ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் அலமாரி அலமாரியா எழுதுங்க. 45 நாளா நகராத சரக்கு எதுன்னு தெரியும். பெரும்பாலும் ஸ்கீமுக்காக எடுத்ததா இருக்கும். 12 எடுத்தா 1 இலவசம்னா அடக்கம் 7.7 சதவீதம் குறையுது, சரி. மாசம் 4 தான் போகுதுன்னா 13 போக மூணு மாசத்துக்கு மேல ஆகும். அந்தப் பணம் துவரம்பருப்புல போட்டிருந்தா அதுக்குள்ள நாலைஞ்சு தடவை சுத்தி வந்திருக்கும். எக்ஸ்பைரி சரக்கை எத்தனை நாள் முன்னாடி சொன்னா திரும்ப எடுப்பாங்கன்னு லைன்ல வர்ற கம்பெனி விற்பனையாளர்கிட்ட பில் போடும்போதே கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்க. வாய்ப்பேச்சு அடுத்த ஆள் மாறினதும் போயிடும்.

வத்தல்மண்டி:

மேல சொன்னதோட சேர்த்து ஒண்ணு. விலையை ஒப்பிட முடியாத சரக்குலதான் சின்னக் கடை நிக்கும். 100 கிராம் சோப்பு எங்கயும் ஒண்ணுதான். வத்தலும் உளுந்தும் அப்படி இல்ல. கையில அள்ளிப் பார்த்து வாங்குற சரக்கு.

ஆனா சில்லறைப் பருப்புல மார்ஜின் அதிகம்னு கண்ணை மூடிக்கிட்டு நினைக்காதீங்க. உதாரணத்துக்குக் கிலோ 105 வீதம் 50 கிலோ மூட்டை 5,250. வண்டிக்கூலி, இறக்குகூலி 40, கவர் 60. ஆச்சு 5,350. சாக்கு எடை, தூசி, தராசுல கூடப் போறது எல்லாம் சேர்த்து அரை கிலோ கழியும். 49.5 கிலோவுக்கு வகுத்தா கிலோ 108 அடங்குது. 115க்கு வித்தா 6 சதவீதம்தான். 125க்கு வித்தா 13.5. அந்த 125ஐ வாங்கணும்னா பருப்பு சலிச்சு, கல், புழு, உடைசல் இல்லாம இருக்கணும். மழைக்காலத்துல ரவை, மைதா, கடலைமாவு பத்துப் பதினஞ்சு நாளுக்கு மேல எடுக்காதீங்க. ஒரு தடவை வண்டு பார்த்த வீடு அடுத்த மாசச் சாமானையே வேற கடைக்கு மாத்திடும்.

ஆப்பால செய்ய முடியாத ஒரு சரக்கு சொல்றேன்: சாம்பார்பொடிச் செட்டு. மல்லி 1 கிலோ, வத்தல் அரை கிலோ, துவரம்பருப்பு 100, கடலைப்பருப்பு 100, மிளகு 50, சீரகம் 100, வெந்தயம் 25, விரலி மஞ்சள் 50 கிராம். வீட்டுக்கு வீடு அளவு மாறும், கேட்டு மாத்திக் கொடுங்க. நிறம் வேணும்னா நீட்டு வத்தல், மணமும் காரமும் வேணும்னா ராமநாதபுரம் குண்டு, பாதிப் பாதி கலந்தா ரெண்டும் வரும். குண்டு வத்தலுக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சது, அதைச் சொல்லியே விக்கலாம். வத்தலைக் குலுக்கிப் பாருங்க, உள்ள விதை கலகலன்னு சத்தம் கேட்கணும். கையில அமுக்கினா நொறுங்காம வளைஞ்சா ஈரம் இருக்கு. ஈரவத்தல் எடுத்தா எடையும் குறையும், பூஞ்சையும் பிடிக்கும். பக்கத்து மாவு மில்லுல பேசி, செட்டு வாங்கினவங்களுக்கு அரைச்சு வாங்கித் தர்ற ஏற்பாடு பண்ணுங்க. மாசி, பங்குனியில புது வத்தல் வரத்து வந்ததும் தொடங்கினா சித்திரை வெயில் முடியிற வரைக்கும் ஓடும்.

புரட்டாசிக்கு அப்பளம், பருப்பு. மார்கழிக்குப் பாசிப்பருப்பு, வெல்லம், கோலப்பொடி. இதெல்லாம் உங்களுக்கே தெரியும், ரெண்டு வாரம் முன்னாடி எடுத்து வாசல்ல வைக்கிறதுதான் பாக்கி.

தெருவோரம்:

கடன் நோட்டை மூடாதீங்கண்ணே. அந்த ஏரியாவுல உங்களைத் தேடி வர்றவங்கள்ல பாதிப்பேர் நோட்டுக்காகத்தான் வர்றாங்க, சூப்பர் மார்க்கெட் அதைத் தராது. ஆனா முறை வேணும். ஒரு வீட்டுக்கு 2,000 உச்சம். அந்த வீட்டுக்குச் சம்பளம் வர்ற தேதியை நோட்டுல பேருக்குப் பக்கத்துலயே எழுதுங்க. வாரக்கூலிக்காரர்னா சனிக்கிழமை, மாசச் சம்பளம்னா ஒண்ணாந்தேதியில இருந்து அஞ்சுக்குள்ள. பழைய பாக்கி முடியாம புதுசு எழுதக் கூடாது. ஒரு 2,000 வராமப் போனா அந்தச் சரக்கோட அடக்கத்தை மட்டும் மீட்கவே கிட்டத்தட்ட 15,000 ரூபாய்க்கு வியாபாரம் பண்ணணும். பழைய 85,000ஐ மூணு மாசத் தவணையாக் கேளுங்க. கடைக்கு வெளிய நின்னு சத்தமாக் கேட்டீங்கன்னா பணமும் வராது, ஆளும் வரமாட்டார்.

வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுக்கிறதுல நிறைய பேர் ஏமாறுறாங்க. பையனுக்கு 14,000, 26 நாள், 8 மணி நேரம்னா மணிக்கு 67 ரூபா. ஒரு நடை 20 நிமிஷம்னா 22, பெட்ரோல் 3. ஆக 25 ரூபா. 150 ரூபா ஆர்டருக்கு உங்களுக்கு நிக்கிறது 18. ஒவ்வொரு நடைக்கும் 7 ரூபா கைக்காசு. ஆப்போட பத்து நிமிஷத்துக்குப் போட்டியா ஓடாதீங்க. காலையில 11 மணிக்கு ஒரு சுத்து, சாயங்காலம் 6 மணிக்கு ஒரு சுத்து. வாட்ஸ்அப்பில் குரல்பதிவு போட்டாப் போதும்னு சொல்லுங்க. ஒரு நடையில நாலு வீடு சேர்ந்தா வீட்டுக்கு 6, 7 ரூபாதான் ஆகும். தெருவை ரெண்டாப் பிரிச்சு, ஒரு கிலோமீட்டருக்கு மேல ஒத்துக்காதீங்க.

வரிவட்டம்:

காம்போசிஷன் பத்தி யாரும் சொல்லலையே, அதுலதான் அவசரப்படக் கூடாது. உங்க கணக்குப்படி வருஷம் 41 லட்சம். வரம்பு ஒன்றரைக் கோடி, அதனால தகுதி இருக்கு. வரி உள்ள சரக்கோட விற்பனைக்கு 1 சதவீதம் கட்டணும். மூணு மாசத்துக்கு ஒருமுறை வரி கட்டுற படிவம் சிஎம்பி-08, வருஷத்துக்கு ஒரு கணக்குப் படிவம் ஜிஎஸ்டிஆர்-4. வேலை குறைவு, அது உண்மை. ஆனா கொள்முதல்ல கட்டின வரியைத் திரும்ப எடுக்க முடியாது.

100 ரூபா சரக்கு, 5 சதவீத வரி, நீங்க 10 ரூபா வச்சு, வரியோட 115.50க்கு விக்கிறீங்க. சாதாரண முறையில வாங்கின வரி 5.50ல ஏற்கனவே கட்டின 5 போக அரசுக்கு நீங்க கட்டுறது 50 காசு, கையில 10 ரூபா. காம்போசிஷன்ல அதே 115.50க்கு வித்தா 1.15 வரி, கொள்முதல்ல கட்டின 5 ரூபா வரி அடக்கத்துல ஏறிடும். கையில 9.35தான். 18 சதவீதச் சரக்குன்னா கணக்கு தலைகீழாகும், காம்போசிஷன் கொஞ்சம் லாபம். குளியல் சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் 2025 செப்டம்பர் 22ல இருந்து 18ல இருந்து 5க்கு வந்திருச்சு. அதனால பழைய காலத்து யோசனையை இப்ப கேட்காதீங்க. கணக்கு எழுத ஆளுக்குக் கொடுக்கிற கூலி எவ்வளவுன்னு பார்த்து முடிவு பண்ணுங்க. மாறுறதுன்னா மார்ச் 31க்குள்ள சிஎம்பி-02ங்கிற விருப்பப் படிவம் போடணும், நிதியாண்டு நடுவுல முடியாது.

கடைவீதி_மதுரை:

ரொம்ப நன்றி. தள்ளுபடி போர்டு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். சாம்பார்பொடிச் செட்டை முன்கூட்டியே கட்டி வாசல்ல அடுக்கினா லேபிள் ஒட்டணுமா?

வரிவட்டம்:

முன்னாடியே கட்டி வச்சா அது பொட்டலச் சரக்கு. கட்டினவர் பேர், முகவரி, நிகர எடை, கட்டின மாசம் வருஷம், எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி, புகாருக்குப் போன் நம்பர் எல்லாம் இருக்கணும். எடையளவுத் துறையில பொட்டலம் கட்டுபவரா பதியவும் வேணும். பருப்பு மாதிரிச் சரக்குக்கு 5 சதவீத வரியும் ஏறும். கேட்டவங்க கண்ணு முன்னாடி நிறுத்துக் கொடுத்தா இந்த லேபிள் வேலை இல்ல. தொடக்கத்துல அளவை ஒரு அட்டையில எழுதித் தராசுக்கு மேல மாட்டுங்க, கேட்கக் கேட்க நிறுத்துக் கொடுங்க. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடணும், தேதியைப் பாருங்க.