உதவி: ஜிப்சியில் டீசல் இன்ஜின், அடாப்டர் பிளேட் போட்டும் கியர் விழல

கொல்லிமலை ஜிப்சி:
அவசரம். மாருதி ஜிப்சியில டீசல் இன்ஜின் ஏத்தியாச்சு. இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கிற அடாப்டர் பிளேட் லேசர்ல வெட்டி வாங்கினது. ஸ்டார்ட் ஆகுது, ஓடுது. ஆனா நின்ன இடத்துல ரிவர்ஸ் போட்டா கரகரன்னு பல் உரசுது, ஃபர்ஸ்ட் கியர் மல்லுக்கட்டினாத்தான் விழுது. கிளச் பிளேட்டோட நடு ஹப் லூஸாகி புதுசு போட்டோம், அதுவும் அதே கதி. மெக்கானிக் கியர் பாக்ஸையே மாத்தச் சொல்றார். ஞாயித்துக்கிழமைக்குள்ள வண்டி மலை ஏறணும். யாராச்சும் சொல்லுங்க.

டீசல் பிரியன்:
என்ன இன்ஜின் ப்ரோ? எஸ்டீம் டியூடி5-ஆ, ஸ்விஃப்ட் 1.3-ஆ? அத சொல்லாம எப்படிச் சொல்றது?

நாமக்கல் வீல்ஸ்:
கிளச் கேபிள் ஃப்ரீ பிளே (பெடல் சும்மா ஆடற இடைவெளி) பாத்தீங்களா? இது தொண்ணூறு சதவீதம் கேபிள்தான். ஜிப்சி கேபிள் இழுபட்டா இதே மாதிரிதான் ரிவர்ஸ் கத்தும்.

ஆஃப்ரோடு அன்பு:
இன்ஜின் மவுண்ட் ரப்பர் தொங்கினாலும் வரும். டீசல் வெயிட்டு ஜாஸ்தி. பெட்ரோல் மவுண்ட்லயே உக்கார வச்சிருந்தா மூக்கு கீழ போயிடும்.

பட்டறை மூத்தவர்:
வருஷத்துக்கு நாலு பேர் இதே கேள்வியோட வர்றாங்க. பழைய இழைகளைத் தேடிப் படிக்கிற பொறுமை யாருக்கும் இல்ல. பிளேட் எத்தன மில்லி, எந்த மெட்டீரியல், டவல் இருக்கா, பைலட் பேரிங் (கிராங்க் நடுவுல கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் நுனியைத் தாங்கறது) என்ன, ஃப்ளைவீல் (கிராங்க் கடைசில கிளச் உக்கார்ற சக்கரம்) எதோடது? இந்த அஞ்சையும் எழுதாம உதவி கேக்கறது டாக்டர்கிட்ட போயி "வலிக்குது"ன்னு மட்டும் சொல்ற மாதிரி. எழுதிட்டு வாங்க, பாக்கலாம்.

கொல்லிமலை ஜிப்சி:
மன்னிக்கணும் ஐயா. எஸ்டீம் டீசல், டியூடி5, 1527 சிசி. ஜிப்சி கிங் அஞ்சு கியர் பெட்டி. பிளேட் 12 மில்லி எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்). ஃப்ளைவீல் எஸ்டீமோடதுதான், நடுவுல பைலட் பேரிங்குக்குப் பதிலா டர்னர் ஒரு புஷ் அடிச்சிருக்கார். கேபிள் புதுசு. மவுண்ட் தனியா அடிச்சது. டவல்னா என்ன?

லேத் சிங்காநல்லூர்:
தம்பி, உங்க கடைசி வரியிலயே பதில் இருக்கு.

ஒரிஜினல்ல இன்ஜின் பிளாக்கையும் பெல் ஹவுசிங்கையும் (கியர் பாக்ஸ் முன்னாடி கிளச்சை மூடற கூடு) ஒரே மையத்துல நிறுத்தறது ஓட்டையில டைட்டா உக்கார்ற ரெண்டு டவல் பின்தான். போல்ட்டு சேத்து அமுக்க மட்டும். உங்க பிளேட்ல எம்10 போல்ட்டுக்கு 11 மில்லி ஓட்டை போட்டிருப்பாங்க. அப்ப எந்தப் பக்கமும் அரை மில்லி நகரலாம். இன்ஜின் பக்கம் ஒரு அரை, கியர் பாக்ஸ் பக்கம் ஒரு அரை. முறுக்கும்போது எங்க நின்னுச்சோ அங்கயே நிக்கும்.

கிராங்க் மையமும் இன்புட் ஷாஃப்ட் மையமும் விலகி நின்னா ஷாஃப்ட் பக்கவாட்டுல இழுபடும். ஸ்ப்லைன்ல (ஷாஃப்ட் மேல இருக்கிற பல் வரி) கிளச் பிளேட் வழுக்கி விலகாது, அதனால பெடலை மிதிச்சாலும் இழுத்துட்டே இருக்கும். ரிவர்ஸ் உரசறது அதனாலதான். ஒவ்வொரு சுத்துக்கும் ஹப் ஒரு தடவை நெளியுது. ரிவெட்டு லூஸாகாம என்ன செய்யும்? கியர் பாக்ஸ் மேல தப்பில்ல, இப்போதைக்கு. இப்படியே ஓட்டினா இன்புட் பேரிங்கும் போகும்.

நாமக்கல் வீல்ஸ்:
அப்ப கேபிள் இல்லங்கறீங்களா?

லேத் சிங்காநல்லூர்:
கேபிள் ஹப்பை உடைக்காது.

கேட் டிசைனர்:
பிளேட்டைப் புதுசா போடறதுதான் நல்லது. கேஸ்கெட்டையோ பெல் ஹவுசிங் முகத்தையோ ஃப்ளாட்பெட் ஸ்கேனர்ல வச்சு ஸ்கேன் பண்ணி, மேல ட்ரேஸ் பண்ணி டிஎக்ஸ்எஃப் (லேசர் மெஷினுக்குக் குடுக்கற டிராயிங் ஃபைல்) ஆக்கிடலாம். ஸ்டீல் ஸ்கேல் ஒண்ணு நீளவாக்குல, ஒண்ணு குறுக்குவாக்குல கூட வச்சு ஸ்கேன் பண்ணுங்க, ரெண்டு திசையிலயும் அளவு லேசா மாறும். நான் எல்லாம் இப்படித்தான் பண்றேன்.

பட்டறை மூத்தவர்:
ஸ்கேனர் போல்ட் ஓட்டைக்குச் சரி. டவலுக்கு நம்பவே கூடாது. கேஸ்கெட் ஓட்டை போல்ட்டை விடப் பெருசு, அதோட மையத்த எடுத்து வேலை செய்யறது வேலையே இல்ல. கிளச் கம்பெனிங்க சொல்ற கணக்கு டயல் கேஜ்ல முள்ளு ஆடற மொத்த ஆட்டம் 0.13 மில்லிக்குள்ள, இஞ்ச்ல அஞ்சு தவ் (ஆயிரத்துல அஞ்சு பங்கு). ஸ்கேனர் வச்சு அது வருமா?

லேத் சிங்காநல்லூர்:
ஐயா சொல்றது சரிதான். அதுக்காகப் பெரிய செலவும் வேண்டாம். இருக்கிற பிளேட்டையே காப்பாத்தலாம். நாங்க செய்யற விதம்:

மொதல்ல பிளேட்டை பிளாக்ல மாட்டுங்க. பிளாக்கோட டவல் பின்னுக்கு நேரா பிளேட்ல ஓட்டை இல்லன்னா ட்ரான்ஸ்ஃபர் பஞ்ச்சால குறிச்சு, சின்னதா ட்ரில் பண்ணி, ரீமர் (ஓட்டையைச் சரியான அளவுக்குச் செதுக்கற டூல்) ஓட்டி பின்னுக்கு டைட்டா கொண்டு வாங்க. லேசர் வெட்டின ஓரம் கெட்டிப்பட்டிருக்கும், ரீமர் மழுங்கிடும். அதனால புது பிளேட் வெட்டறவங்க டவல் ஓட்டையை லேசர்ல வெட்டவே சொல்லாதீங்க.

அப்புறம் கியர் பெட்டி. பெல் ஹவுசிங் கேஸோட ஒண்ணா வார்த்ததா இருந்தா உள்ள இருக்கிற கியர் எல்லாம் எடுத்து, காலி கேஸை மட்டும் பிளேட்ல மாட்டணும். போல்ட்டு லேசான பிடியில இருக்கட்டும். ஃப்ளைவீல்ல மேக்னட் ஸ்டாண்டு, டயல் முனை இன்புட் பேரிங் உக்காரும் போர்ல. க்ளோ பிளக்கைக் கழட்டிட்டா கிராங்க் கையாலயே சுத்தும். முள்ளு எவ்வளவு ஆடுதுன்னு பாருங்க. காட்டறதுல பாதிதான் உண்மையான விலகல். 0.60 ஆடினா 0.30 நகத்தணும். ரப்பர் சுத்தியால தட்டித் தட்டிக் கொண்டு வந்து போல்ட்டை முறுக்கி, மறுபடி ஒரு தடவ பாத்துட்டு, அப்படியே வச்சு கேஸ் விளிம்பு வழியா பிளேட்டுக்கு ட்ரில், ரீமர், டவல். அதுக்கப்புறம் எத்தன தடவ கழட்டி மாட்டினாலும் மாறாது.

முகத்தையும் ஒரு சுத்து பாருங்க. 12 மில்லி எம்எஸ் லேசர் சூட்டுல வளைஞ்சிருக்கலாம். வளைஞ்சிருந்தா சர்ஃபேஸ் கிரைண்டிங்.

டீசல் பிரியன்:
முக்கியமான ஒண்ணு. எஸ்டீம்ல இன்ஜின் குறுக்கா நிக்கும், அந்த கிராங்க்ல பைலட் பேரிங்குக்கு இடமே கிடையாது. டர்னர் அடிச்ச புஷ் மையத்துல இருக்கான்னும் அதே டயல்ல பாருங்க. இன்புட் ஷாஃப்ட் நுனி உள்ள போயி முட்டுதான்னும் பாக்கணும். முட்டினா போல்ட்டு முறுக்கும்போதே கிராங்க்கை முன்னாடி தள்ளி கிராங்க் முன்ன பின்ன நகராம தடுக்கற த்ரஸ்ட் வாஷரைத் தின்னுடும். பெட்டி மாட்டறதுக்கு முன்னாடி, மாட்டின பிறகு, ரெண்டு தடவையும் கிராங்க் எண்ட் பிளே (முன்ன பின்ன ஆடற அளவு) ஒண்ணா இருக்கணும்.

கேட் டிசைனர்:
எம்எஸ் எதுக்கு? 6061 அலுமினியத்துல போட்டா எடை மூணுல ஒரு பங்கு.

லேத் சிங்காநல்லூர்:
அலுமினியத்துல எம்10 மரைக்கு 15 மில்லியாச்சும் ஆழம் வேணும். 12 மில்லி பிளேட்ல எங்க போறது? ஹெலிகாயில் (மரைக்குள்ள போடற ஸ்டீல் சுருள்) போடலாம், அது தனிச் செலவு.

கேட் டிசைனர்:
அப்ப 20 மில்லி போடுங்க.

லேத் சிங்காநல்லூர்:
போட்டா இன்புட் ஷாஃப்ட் 8 மில்லி பின்னாடி போகும். பைலட்ல எவ்வளவு நுழையும்? ரிலீஸ் பேரிங், கிளச் ஃபோர்க் எல்லாம் மாறும். பிளேட் கனத்தை முடிவு பண்றது ஷாஃப்ட் நீளம்தான், நம்ம விருப்பம் இல்ல.

ஆஃப்ரோடு அன்பு:
சூட்டுல அலுமினியம் இரும்பை விட ரெண்டு மடங்கு விரியும், டவல் லூஸாகும்னு கேள்விப்பட்டேன்.

கேட் டிசைனர்:
இரும்பு பிளாக்ல அலுமினிய பெட்டி மாட்டின வண்டிங்க கம்பெனியிலிருந்தே வருது, அதெல்லாம் லூஸாகுதா? இந்தப் பயம் தேவையில்லாதது.

பட்டறை மூத்தவர்:
ரெண்டும் ஓடும். அவர்கிட்ட எம்எஸ் பிளேட் வெட்டி ரெடியா இருக்கு. இந்தச் சண்டையை வேற இழையில வச்சுக்குங்க.

சேலம் ஆர்டிஓ ரோடு:
அதெல்லாம் இருக்கட்டும், ஆர்.சி.ல ஏறுமா? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. பெட்ரோல் வண்டி டீசலானா இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிச்சிருவான்.

ஆஃப்ரோடு அன்பு:
அவரு தோட்டத்துக்குள்ள ஓட்டறாருன்னு நினைக்கறேன்.

சேலம் ஆர்டிஓ ரோடு:
நினைக்காதீங்க, கேளுங்க. மலை ஏறணும்னு எழுதியிருக்கார். மலைக்கு ரோடு வழியாத்தானே போகணும்?

கொல்லிமலை ஜிப்சி:
கேஸைக் காலி பண்ணி டயல் வச்சோம். மொத்தம் 0.70 ஆடுச்சு. பிளேட்ல டவல் எந்தப் பக்கமும் இல்ல. அண்ணா சொன்ன மாதிரி ரெண்டு பக்கமும் பின் போட வேலை நடக்குது. அப்புறம் எழுதறேன்.

பட்டறை மூத்தவர்:
முகம் அளந்தீங்களா?

டீசல் பிரியன்:
புஷ்?

கொல்லிமலை ஜிப்சி:
0.08-க்கு வந்துருச்சு. முகம் ஓகே. புது கிளச் பிளேட் போட்டு மாட்டியாச்சு, ரிவர்ஸ் சத்தமில்லாம விழுது. லேத் அண்ணனுக்கு ரொம்ப நன்றிங்க. கிளம்பறேன்.

டீசல் பிரியன்:
சந்தோஷம் ப்ரோ. அந்த புஷ் ஆடுச்சா, மாத்தினீங்களா? பித்தளையா, ஆயிலைட்டா (எண்ணெய் ஊறின வெண்கல புஷ்)? இதே வேலை பண்ணப் போறேன், சொல்லிட்டுப் போங்க.

டீசல் பிரியன்:
ப்ரோ?