மேகம் நகர்கிறது, மழை நகரவில்லை: என் கணக்கில் எங்கே பிழை?

கேள்வி:
ஜப்பானின் ஹிமாவரி வானிலைச் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படங்களை (10.4 மைக்ரான், 10 நிமிடத்துக்கு ஒன்று) வைத்து, இடிமேகம் அடுத்த அரை மணியில் எங்கே இருக்கும் என்று கணிக்க மூன்று மாதமாக முயல்கிறேன். 235 கெல்வினைவிட (சுமார் −38 டிகிரி செல்சியஸ்) குளிர்ந்த பிக்சல்களை ஒரே மேகமாகச் சேர்த்து, அதன் நடுப்புள்ளி நகரும் வேகத்திலேயே முன்னே தள்ளிப் பார்க்கிறேன். பெரிய மேகக் கூட்டங்களுக்கு நன்றாகவே வருகிறது. நேற்று மட்டும் கணக்குப்படி மேகம் கிழக்கே விரைந்தது; ரேடாரிலோ மழை 40 நிமிடம் ஒரே இடத்தில் நின்று கொட்டியது. திடீர் வெள்ளம் வருவதே இப்படி நின்று பெய்யும் மழையில்தான். அதையே தவறவிடுவது மனதை உறுத்துகிறது.

பதில் 1:
நகர்ந்தது மேகத்தின் தலை மட்டும்தான். உச்சி அதற்குமேல் எழும்ப முடியாத உயரத்தைத் தொட்டதும் மேல்காற்று அதைப் பக்கவாட்டில் இழுத்துப் பரப்பிவிடும். மழை தராத அந்தப் பரப்பும் குளிர்ந்தே இருப்பதால் உங்கள் 235-க்குள் வந்துவிடுகிறது, நடுப்புள்ளியும் அந்தப் பக்கம் சாய்கிறது. உள்ளே 220-க்குக் கீழான கருவை மட்டும் தனியாகத் தொடர்ந்து பாருங்கள்.

அப்புறம், புதிதாக எழும் மேகங்களில் உச்சி குளிரும் வேகத்தையும் கவனியுங்கள். 15 நிமிடத்தில் 8 டிகிரி குளிர்ந்தால் மேகம் மளமளவென்று வளர்கிறது என்று பொருள். பலத்த மழை இறங்குவதற்கு முன்பே இது படத்தில் தெரிந்துவிடும். நான் முதலில் பார்ப்பதே இதைத்தான்.

பதில் 2:
ரேடாரோடு ஒப்பிடும் முன் இடப்பிழையைத் திருத்தினீர்களா? செயற்கைக்கோள் சாய்வாகப் பார்க்கும் பகுதியில் உயரமான மேகம் அதன் இடத்தில் தெரியாது. உச்சி 12 கி.மீ. உயரத்தில், பார்வை செங்குத்திலிருந்து 45 டிகிரி சாய்ந்திருந்தால், படத்தில் சுமார் 12 கி.மீ. தள்ளித் தெரியும், அதுவும் செயற்கைக்கோளுக்கு நேர்கீழே உள்ள புள்ளியிலிருந்து விலகும் திசையில்.

கேட்டவர்:
இரண்டையும் செய்து பார்த்தேன். 218-இல் கரு கிட்டத்தட்ட அசையவே இல்லை, ரேடார் மழையின் மேலேயே உட்கார்ந்துவிட்டது! மிக்க நன்றி. ஆனால் கடைசிப் படத்தில் கரு இரண்டாகப் பிரிகிறது. மேகத்தை அடையாளம் வைத்துத் தொடர நான் கொடுத்திருந்த பழைய எண்ணை இந்த இரண்டில் எதற்குக் கொடுப்பது?

பதில் 1:
முந்தைய படத்தின் கருமேல் எது அதிகப் பரப்பில் படிகிறதோ, அதற்கு. மற்றதற்குப் புது எண் கொடுத்து, எதிலிருந்து பிரிந்தது என்றும் குறித்து வையுங்கள். பிரியும்போது நடுப்புள்ளி சட்டென்று தாவும். அந்த ஒரு தாவலை வேகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.