‘முறையான மனச்செயல் நிலை’ – மாற்றுச் சொல் தேடி

காட்பாடியிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் தருக்கச் சிந்தனை எப்படி வளர்கிறது என்பது குறித்த ஆசிரியர் கையேட்டுக்குச் சொல்லடைவு தொகுத்து வருகிறோம். அதில் ஒரு சொல் மட்டும் முள்ளாக உறுத்துகிறது. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை நான்கு கட்டங்களாக வகுத்த உளவியலாளர் பியாஜே சொன்ன நான்காம் கட்டம், 11, 12 வயதையொட்டித் தொடங்குவது, ஆங்கிலத்தில் ‘ஃபார்மல் ஆபரேஷனல்’ எனப்படுகிறது. தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை ‘முறையான மனச்செயல் நிலை’ என்று மனப்பாடம் செய்கிறார்கள்.

‘முறையான’ என்றதும் நமக்கு ஒழுங்கான, விதிப்படியான என்ற பொருள்தான் தோன்றும். அப்படியானால் எட்டு வயதுப் பிள்ளை முறையில்லாமலா சிந்திக்கிறது? ஒரு கூடையில் 8 முள்ளுக்கத்தரியும் 3 வெண்டையும் வைத்து, “கத்தரிக்காய் அதிகமா, காய் அதிகமா?” என்று கேளுங்கள். ஐந்து வயதில் பெரும்பாலும் “கத்தரிக்காய்” என்றுதான் விடை வரும். கத்தரியை வெண்டையோடு ஒப்பிட்டுவிடுகிறார்கள். கத்தரியும் காய்தான் என்பதை அதே நேரத்தில் மனத்தில் நிறுத்த முடிவதில்லை. எட்டு ஒன்பது வயதில் “காய்தான், மொத்தம் 11” என்பார்கள். இது முழுக்க முறையான தருக்கம். ஆனால் கண்முன் உள்ள பொருளைப் பற்றிய தருக்கம்.

ஃபார்மல் என்பதில் உள்ள ‘ஃபார்ம்’ ஒழுங்கைக் குறிப்பதில்லை, வாதத்தின் கட்டமைப்பைக் குறிக்கிறது. சொல்லப்படும் செய்தி மெய்யா பொய்யா என்பதை ஒதுக்கிவிட்டு, இதிலிருந்து அது பெறப்படுமா என்று மட்டும் பார்க்கும் திறன் அது. நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்று: “பாலாற்றில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடினால் கரையோரக் கிணறு வற்றாது. ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிணறு வற்றுமா?” எட்டு வயதில் எதிர்பார்க்க வேண்டிய விடை, “பாலாத்துல ஏது தண்ணி?” அந்தப் பிள்ளைக்குத் தருக்கம் தெரியாமல் இல்லை. தான் பார்த்ததற்கு மாறான ஒன்றிலிருந்து தொடங்க மறுக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளை அதே ஆற்றைப் பார்த்து வளர்ந்தும் “வற்றாது” என்கிறது.

இந்த மறுப்பு வயதை மட்டும் பொறுத்ததும் அன்று. 1931, 32இல் உஸ்பெகிஸ்தானில் சோவியத் உளவியலாளர் லூரியா இதையே பெரியவர்களிடம் கண்டார். “வடக்கே, பனிப் பகுதியில், கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவயா செம்லியா அங்கேதான் இருக்கிறது. அங்குள்ள கரடி என்ன நிறம்?” என்று கேட்டால், பள்ளிக்குப் போகாத உழவர்கள் பார்க்காததைப் பற்றிப் பேச மாட்டோம் என்றார்கள்.

ஆகவே ‘முறையான’ வேண்டாம். ‘வடிவ மனச்செயல்’, ‘அருவச் சிந்தனை’, ‘கருதுநிலை’ மூன்றையும் முன்வைக்கிறேன். அலசிச் சொல்லுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

‘வடிவ’ வேண்டாம் ஐயா. பள்ளியில் வடிவம் என்றால் வட்டம், சதுரம், வடிவியல். ‘வடிவ மனச்செயல்’ என்று படிக்கும் ஆசிரியர் படம் வரையச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார். ‘அருவ’மும் பொருந்தாது. ஏழாவது படிக்கும் பிள்ளைக்கு முன்பே எண் என்ற அருவம் கைவந்துவிடுகிறது.

இந்தக் கட்டத்தில் பிள்ளை புதிதாக என்ன செய்கிறது என்பதிலிருந்து சொல்லைத் தேடுவோம். பார்பெல் இன்ஹெல்டரும் பியாஜேயும் 1955இல் வெளியிட்ட ஆய்வில் உள்ள ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசல் வேகமாக ஆடுவதும் மெதுவாக ஆடுவதும் எதைப் பொறுத்தது? நூலின் நீளமா, எடையா, இழுத்துவிடும் உயரமா, தள்ளும் விசையா? பத்து வயதுப் பிள்ளை நீளமான நூலில் கனமான நட்டையும், குட்டை நூலில் லேசான நட்டையும் கட்டி ஆட்டும். நேரத்தைச் சரியாகவே அளக்கும். பிறகு “எடைதான் காரணம்” என்று முடிக்கும். பார்த்ததில் பிழையில்லை. இரண்டை ஒருசேர மாற்றியதுதான் பிழை. நான்கைந்து ஆண்டு மூத்த பிள்ளை ஊசலைத் தொடுவதற்கு முன்பே, “நீளம் காரணம் என்று வைத்துக்கொண்டால் மற்றதை மாற்றக் கூடாது” என்று திட்டமிடும். நடந்ததைப் பார்ப்பதற்கு முன் நடக்கக்கூடியவற்றை எல்லாம் எண்ணிப் பார்ப்பதுதான் புதுத்திறன்.

கையேட்டில் இச்சோதனை இடம்பெறுமானால் அளவுகளும் வேண்டும். முறுக்கேறாத, இழுபடாத தறிநூல் நல்லது. கட்டிய இடத்திலிருந்து நட்டின் நடு வரை 25 செ.மீ. இருந்தால் 10 அலைவுக்கு 10 நொடி, 100 செ.மீ. இருந்தால் 20 நொடி. போய்த் திரும்பி வருவதே ஓர் அலைவு. விடும்போதே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினால் உண்மையில் 9 அலைவுதான் கிடைக்கும். ‘சுழி’ என்று தொடங்க வேண்டும். எடை கூட்டும்போது நட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோக்கக் கூடாது. எடையின் மையம் 2 செ.மீ. இறங்கினாலே 25 செ.மீ. ஊசலில் 10 அலைவுக்கு 0.4 நொடி கூடிவிடும்; பிள்ளை எடைதான் காரணம் என்று சான்றோடு நிற்கும். கொக்கியில் பக்கம் பக்கமாக மாட்டுங்கள். 15 பாகைக்கு மேல் இழுக்க வேண்டாம். 60 பாகைக்கு இழுத்தால் நேரம் 7 விழுக்காடு கூடுகிறது. அப்போது உயரமும் காரணமாகிவிடும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

சொல்லுக்கு வருகிறேன். கணக்குப் புத்தகத்தில் ‘ஒரு பக்கம் x என்க’ என்கிறோம், பேச்சில் ‘வைத்துக்கொள்வோம்’ என்கிறோம். கருதுகோள், எடுகோள் இரண்டிலும் இருப்பதும் அந்தக் ‘கொள்’தான். எனவே ‘கொள்நிலை’. இதற்கு முந்தைய மூன்றாம் கட்டத்துக்கு, ஏறத்தாழ 7 வயதில் தொடங்குவதற்கு, கண்டதை வைத்துச் சிந்திப்பதால், ‘காண்நிலை’. இரண்டும் இணையாக நிற்கும்.

ஆற்காட்டிலிருந்து:

‘கருதுநிலை’யை ஏன் விட வேண்டும் என்று நானும் சொல்லிவிடுகிறேன். சைவ நூல்களில் காண்டல், கருதல், உரை என்று அளவைகளை, அதாவது அறிவைப் பெறும் வழிகளை, வகுப்பார்கள். கருதல் என்றால் அனுமானம். மலையில் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு உண்டு. மணிமேகலையும் இதையே காட்டி, அடுக்களையைத் திட்டாந்தமாக, அதாவது எடுத்துக்காட்டாக, வைக்கிறது. இதில் புகை மெய்யாகவே இருக்க வேண்டும், அடுக்களை எல்லோரும் கண்டதாக இருக்க வேண்டும். பொய்யான ஏதுவை, அதாவது காரணத்தை, வைத்துத் தொடங்கினால் அது ஏதுப்போலி. அதனால் கருதல் அளவையை ஏழு எட்டு வயதுப் பிள்ளையே கையாளும். ‘கருதுநிலை’ என்று பெயர் வைத்தால், மூன்றாம் கட்டத்தின் திறனை நான்காவதுக்குக் கொடுத்தவர்களாவோம்.

பாலாற்று வினாவுக்கு நியாயம் என்னும் பழைய இந்திய அளவையியல் மரபில் இணையானது ‘தருக்கம்’ என்ற உறுப்பு. “நெருப்பு இல்லையாயின் புகையும் இல்லையாகும்” என்று, இல்லாததை ஏற்றிவைத்து அதன் விளைவைக் காட்டுவது. அன்னம்பட்டரின் தருக்கசங்கிரகம் இதைத்தான் தருக்கம் என்கிறது. இன்று அச்சொல் முழுத் துறைக்கும் பெயராகிவிட்டதால் அதை மீட்டு ஓர் உறுப்புக்குச் சூட்ட முடியாது. ஏற்றிவைத்துக்கொள்வது என்ற கருத்து நம் மரபில் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். ‘கொள்’ எனக்கு உடன்பாடே.

வாலாஜாவிலிருந்து:

‘கொள்’ சரி. ‘நிலை’தான் சங்கடம். நிலை என்றால் படிக்கட்டு போல, 12 வயதில் ஏறிவிட்டால் இறங்குவதில்லை என்று ஆகிறது. உண்மை அப்படி இல்லை. டயஸ், ஹாரிஸ் என்ற உளவியலாளர்கள் 1988இல் நான்கு, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு மெய்க்கு மாறான கூற்றுகளைக் கொடுத்தார்கள். வெறுமனே சொன்னபோது தடுமாறிய குழந்தைகள், விளையாட்டுப் பாவனையில் சொன்னபோது சரியாக முடிவுக்கு வந்தார்கள். பாலாற்று வினாவையும் “ஒரு கதை ஊரில்” என்று தொடங்கிப் பாருங்கள்.

மறுபுறம் பெரியவர்கள் தவறுகிறார்கள். உளவியலாளர் வேசன் 1966இல் வெளியிட்ட நான்கு அட்டைச் சோதனையில், “ஒரு பக்கம் இது இருந்தால் மறுபக்கம் அது இருக்கும்” என்ற விதி சரியா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும் என்று கேட்பார்கள். எழுத்தும் எண்ணுமாகக் கொடுத்தால் பத்தில் ஒருவர்கூடச் சரியான அட்டைகளைத் திருப்புவதில்லை. மது குடிப்பதற்கான வயது வரம்பு என்று அதே அமைப்புள்ள விதியைக் கிரிக்சும் காக்சும் 1982இல் கொடுத்தபோது ஏறத்தாழ நான்கில் மூவர் சரியாகச் செய்தார்கள்.

‘ஆல்–உம்’ வாக்கியங்களிலும் பொருள்தான் தீர்மானிக்கிறது. “மழை பெய்தால் வாசல் நனையும். வாசல் நனைந்திருக்கிறது. மழை பெய்ததா?” என்றால் எட்டு வயதுப் பிள்ளையும் “தெளிச்சிருக்கலாம், சொல்ல முடியாது” என்னும். “ஆற்றில் வெள்ளம் வந்தால் தரைப்பாலம் மூழ்கும். பாலம் மூழ்கியிருக்கிறது. வெள்ளம் வந்ததா?” என்றால் அதே பிள்ளை “வந்தது” என்னும், வேறு காரணம் மனத்தில் எழுவதில்லை. முதல் வகையில் தொடங்கி இரண்டாவதுக்குப் போவதே பாடத்தின் வரிசையாக இருக்க வேண்டும். பல கையேடுகள் “அ எனில் ஆ” என்று தொடங்கி, முதல் பக்கத்திலேயே பிள்ளைகளை இழந்துவிடுகின்றன.

ஆகவே வயதை ஒட்டாத ஒரு பின்னொட்டு வேண்டும்.

ஆற்காட்டிலிருந்து:

வாலாஜா அம்மா சொன்னதற்கு இலக்கணமும் துணை நிற்கிறது. கொள் + நிலை புணர்ந்தால் நன்னூற்படி ‘கொண்ணிலை’. காண் + நிலை ‘காணிலை’ ஆகும். அதைக் ‘கண்டிலை’ என்பதுபோல் எதிர்மறையாகவே படிப்பார்கள். பார்த்துச் சிந்திப்பதற்கு வைத்த பெயர், பார்க்கவில்லை என்று பொருள்பட்டால் என்ன செய்வது? புணர்த்தாமல் எழுதுவது இன்று வழக்கம்தான், ஆனாலும் புதுச்சொல்லைத் தெரிந்தே பிழையோடு தொடங்க வேண்டாம்.

‘வழி’ என்று வைத்தால் வகரம் வந்து இரண்டும் திரியாமல் நிற்கும்: காண்வழி, கொள்வழி.

காட்பாடியிலிருந்து:

‘வழி’யில் இரண்டு சிக்கலும் தீர்கின்றன. சிந்திக்கும் வழி என்றால் அது எந்த வயதிலும் திறக்கலாம், பழகாத பொருளில் அடைபடலாம். சொல்லடைவில் இப்படிப் பதிகிறேன்:

காண்வழி மனச்செயல் – கண்ட, கையாண்ட பொருள்களை வகைப்படுத்தியும் வரிசைப்படுத்தியும் முடிவு காண்பது. ஏறத்தாழ 7 வயது முதல் வலுப்பெறும்.

கொள்வழி மனச்செயல் – மெய்யோ பொய்யோ, ஒன்றை வைத்துக்கொண்டு அதிலிருந்து பெறப்படுவதைக் காண்பது. நடக்கக்கூடியவற்றை முன்னரே எண்ணிச் சோதிப்பது. ஏறத்தாழ 11 வயது முதல் வலுப்பெறும். பழக்கத்தையும் பொருளையும் பொறுத்து முன்பின் ஆகும்.

தேர்வு எழுதுவோர் தடுமாறாமல் இருக்க, முதல் பதிப்பில் மட்டும் ‘முறையான மனச்செயல் நிலை’யைப் பழைய வழக்கு என்று பக்கத்தில் காட்டலாம். அச்சுக்குப் போகும்முன் ‘காண்வழி’ எங்காவது ‘கண்வழி’ ஆகியிருக்கிறதா என்று குடியாத்தம் ஐயா ஒருமுறை பார்த்துத் தர வேண்டும். காதால் கேட்டதும் கையால் தொட்டதும் காண்வழிதான்.