ஸ்பாரிங்குக்குத் தமிழில் என்ன போடலாம்?

அனுப்புநர்: செந்தூல் பயிற்றுநர்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூரில், செந்தூல் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி மண்டபம் ஒன்றில் மாலை நேரத்தில் டேக்வாண்டோ சொல்லிக் கொடுக்கிறேன். பெற்றோருக்கு ஒரு சிறு கையேடு தயாராகிறது. மலாயில் ஏற்கெனவே இருக்கிறது, தமிழிலும் வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கேட்டார்கள். உடை, பட்டை நிறங்கள், நிற்கும் நிலைகள் எல்லாம் ஓரளவு முடிந்துவிட்டன. எதிராளி இல்லாமல் தனியாக வரிசையாய்ச் செய்து காட்டும் பூம்சேக்கு 'அசைவுக்கோவை' என்று போட்டேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. இருவர் எதிரெதிரே நின்று உதைத்துப் பழகுகிற ஸ்பாரிங்கில் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

தட்டச்சு செய்து கொடுத்தவர் 'சண்டைப் பயிற்சி' என்று அடித்திருந்தார். அது சினிமா டைட்டிலில் ஸ்டண்ட் மாஸ்டர் பெயரோடு வருகிற சொல். அதைப் படித்த ஓர் அம்மா, "சண்டை போடவா மாஸ்டர் சொல்லிக் கொடுக்கிறீங்க? அது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால தானா நடக்குதே, அதுக்கு எதுக்குக் காசு?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். நுரை வைத்த மார்புக் காப்பு ஒன்று இருக்கிறது, கொரியர்கள் ஹோகு என்பார்கள். நாடாக்கள் முதுகுப் பக்கம் குறுக்காக வரும். தனக்குத்தானே ஒழுங்காகக் கட்டிக்கொள்ள முடியாது. அதனால் எங்கள் வகுப்பில், எதிரே நிற்கப்போகிற பையனே வந்து கட்டிவிடுவான். "இறுக்கமா இருக்கா? மூச்சு விட முடியுதா?" என்று கேட்டு முடிச்சுப் போட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தன் முதுகைத் திருப்பிக் காட்டுவான். இவன் அவனுக்குக் கட்டுவான். அப்புறம் 'சாரியோட்', 'கியோங்னே' என்றதும் இருவரும் குனிந்து வணங்கி, 'சிஜாக்' என்றதும் அதே காப்பின்மேல் ஓங்கி உதைத்துக்கொள்வார்கள். 'கால்யோ' என்று பிரித்தால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும், கால் பாதி தூரம் போயிருந்தாலும்.

இதைச் சண்டை என்பது பொய். வெறும் விளையாட்டு என்பதும் பொய், ஏனென்றால் வலிக்கும். அதிலும் உதை வாங்கியவனைவிட உதைத்தவனுக்குத்தான் பல நேரம் வலி. எதிராளி முழங்கையை இறக்கிக்கொண்டால் புறங்கால் அந்த எலும்பில் போய் இடிக்கும். மறுநாள் பள்ளிச் சப்பாத்துக்குள் கால் நுழையாது.

இப்போது எனக்கு வேண்டியது ஒரு சொல் மட்டுமல்ல, ஒரு குடும்பம். ஸ்பாரிங் என்ற பெயர், 'ஸ்பாரிங் பண்ணு' என்பதற்கு ஒரு வினை, கூட நிற்கிற ஆளுக்கு ஒரு பெயர். சொல்லி வைத்து ஒருவர் ஒரே ஒரு முறை தாக்க மற்றவர் தடுத்துத் திருப்பிச் செய்யும் பயிற்சியும் உண்டு, யாரும் எதையும் சொல்லி வைக்காத ஆட்டமும் உண்டு. இரண்டையும் ஒரே வேரிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவேண்டும். கொரியர்கள் 'கியோருகி' என்ற ஒரே சொல்லை வைத்து எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள். போட்டி மேடையிலும் அதே பெயர்தான்.

உங்கள் யோசனைகளை அனுப்புங்கள்.

---

அனுப்புநர்: பிறையிலிருந்து ஒரு கறுப்புப் பட்டை

அண்ணா, வணக்கம். நான் ஐ.டி.எஃப். (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) பிரிவு. எங்கள் பக்கம் கியோருகி என்று சொல்ல மாட்டோம், 'மட்சோகி' என்போம். எதிர்த்து நிற்பது என்ற பொருளில் வருகிற கொரியச் சொல். நீங்கள் டபிள்யூ.டி. (ஒலிம்பிக் போட்டியை நடத்தும் உலக டேக்வாண்டோ அமைப்பு) பழக்கத்தை மட்டும் வைத்துக் கையேடு போட்டால் மலேசியாவில் பல பேரை விட்டுவிடுவீர்கள். 1962-இல் தென்கொரியத் தூதராகக் கோலாலம்பூருக்கு வந்தவரே எங்கள் பிரிவை நிறுவிய ஜெனரல் சோய் ஹொங் ஹி. ஐ.டி.எஃப். அதற்கப்புறம் 1966-இல்தான் சியோலில் தொடங்கியது. இந்த மண்ணில் பழைய சொல் எங்களுடையது என்று உரிமை கொண்டாடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முறையிலும் வித்தியாசம் உண்டு. உங்களுக்குத் தலையில் குத்தினால் தண்டம், எங்களுக்குக் கையுறை போட்டுக்கொண்டு முகத்துக்கும் குத்தலாம். ஆனால் தொடுகிற அளவுக்குத்தான், பலத்தை வெளியிடக்கூடாது. சொல்லி வைத்துச் செய்கிற பயிற்சியும் எங்களுக்கு மூன்றடி, இரண்டடி, ஓரடி என்று படிப்படியாக இறங்கும்.

என் யோசனை: எதிராட்டம். எதிரே நின்று ஆடுவது. எளிமை, பிள்ளைகள் வாயில் நுழையும்.

இன்னொன்று. 'சண்டை' என்ற சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பெண் பிள்ளைகளின் அப்பாக்களிடம் அந்தச் சொல்லோடு போய் நின்று பார்த்தவள் நான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் டேக்வாண்டோ செயல்விளக்கப் போட்டியாக நடந்தபோது நம் மலேசிய வீராங்கனை வாசுகி வெண்கலம் எடுத்தார். அவர் சண்டை போட்டு வாங்கி வந்தார் என்றா பிள்ளைகளுக்குச் சொல்வது?

---

அனுப்புநர்: பத்துமலை சிலம்பக்காரன்

வீட்டில் நெய்யை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் வெண்ணெய்க்கு அலைகிறீர்கள். சிலம்பத்தில் தனியாகச் சுற்றிக் காட்டுவது ஒன்று, எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுப்பது ஒன்று. பின்னதற்குத் தொடுமுறை என்று பெயர் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள், வாடகை வேண்டாம்.

---

அனுப்புநர்: செந்தூல் பயிற்றுநர்

இருவருக்கு மட்டுமல்ல, தனி மடலில் எழுதியவர்களுக்கும் நன்றி.

> தொடுமுறை என்று பெயர் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்

அண்ணே, ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஆட்டத்தில் தொட்டால் புள்ளி கிடையாது. லண்டன் 2012-இலிருந்து ஒலிம்பிக்கில் மின்னணுக் காப்புதான். காலுறைக்குள்ளும் உணரி இருக்கும், காப்பிலும் இருக்கும். எடைப்பிரிவுக்கு ஏற்ப ஓர் அழுத்த அளவு வைத்திருப்பார்கள். அந்த அளவுக்கு உதை விழுந்தால்தான் திரையில் எண் ஏறும். மார்பில் உதைத்தால் 2, தலையில் 3, மார்பில் குத்தினால் 1. உரசிவிட்டுப் போகிறவன் சுற்றுக்குச் சுற்று உரசிக்கொண்டே தோற்பான். 'தொடு' என்று பெயர் வைத்துவிட்டு, "இன்னும் ஓங்கி உதை" என்று நான் கத்தினால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? பிறைத் தங்கச்சியின் பிரிவுக்கு வேண்டுமானால் பொருந்தும்.

> என் யோசனை: எதிராட்டம்

இது எனக்கும் முதலில் பிடித்தது. சிக்கல் எங்கே என்றால், எதிராளி உதைக்க வருகிற அந்த நேரத்திலேயே உள்ளே புகுந்து திருப்பி உதைப்பது இருக்கிறதே, அதற்கு 'எதிருதை' என்று போட்டாயிற்று. அது எங்கள் பயிற்சியில் பாதி. எதிர் என்பதை ஆட்டத்தின் பெயருக்கே கொடுத்துவிட்டால், 'எதிராட்டத்தில் எதிராளியின் உதைக்கு எதிருதை' என்று எழுதவேண்டி வரும். படிக்கிறவர் மயங்கி விழுவார்.

தனி மடலில் வந்தவை: மோதல் (பத்திரிகையில் லாரிக்கும் அதே சொல், குண்டர் கும்பலுக்கும் அதே சொல்), பயிற்சி ஆட்டம் (பந்து விளையாடுகிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள்), போர் ஒத்திகை (வேண்டாம்). ஒருவர் 'கைபார்ப்பு' என்று எழுதியிருந்தார். 'ஒரு கை பார்த்துடலாம்' என்கிறோமே, அதிலிருந்து. ரொம்பவும் ரசித்தேன். ஆனால் முக்கால்வாசி காலால் நடக்கிற ஆட்டத்துக்குக் கைபார்ப்பு என்றால், அடுத்த நாளே எவனாவது 'கால்பார்ப்பு' என்று ஆரம்பிப்பான்.

உண்மையைச் சொன்னால், இதற்கு அச்சாக ஒரு சொல் தமிழில் இருந்தது. போராட்டம். போரும் உண்டு, ஆட்டமும் உண்டு. அதைத் தொழிற்சங்கங்கள் கொண்டுபோய்விட்டன. 'சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் போராட்டம்' என்று சுற்றறிக்கை விட்டால் முதலில் வருவது போலீஸாகத்தான் இருக்கும்.

அதே அமைப்பில் பக்கத்துச் சொல் ஒன்றை எடுத்துப் பார்த்தேன்: பொருதல். பழைய சொல், ஆனால் செத்த சொல் இல்லை. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் இரண்டு அணிகள் இன்றும் 'பொருதும்'. இதிலிருந்து ஆட்டத்துக்குப் பொருதாட்டம், வினைக்குப் பொருது, கூட நிற்பவருக்குப் பொருதிணை. இணை என்று வேண்டுமென்றேதான் போட்டேன். காப்புக்கு முடிச்சுப் போட்டுவிடுகிறவனை எதிரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சொல்லி வைத்துச் செய்வதற்கு ஓரடிப் பொருதல். ஒரு எட்டு முன்னால் வைத்து ஒரு தாக்கு, அவ்வளவுதான் அந்தப் பயிற்சி. எட்டுக்கும் அடிதான், தாக்குக்கும் அடிதான். பிறைத் தங்கச்சி மூவடி, ஈரடி என்று மேலே போய்க்கொள்ளலாம்.

---

அனுப்புநர்: ஜார்ஜ்டவுன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, பொருதாட்டம் புணர்ச்சியில் குற்றமில்லை. பொருதல் என்பதற்குப் போர் செய்தல் என்பதோடு ஒத்திருத்தல் என்ற பொருளும் அகராதியில் உண்டு. சமமானவரோடுதான் பொருத முடியும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எடைப்பிரிவு பார்த்து நிறுத்துகிறீர்களே, அதற்கும் ஒத்துவருகிறது. 'உறழ்தல்' என்றும் ஒன்று இருக்கிறது, அதற்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு. ஆனால் ழகரத்தை உங்கள் மண்டபத்துப் பிள்ளைகள் என்ன பாடு படுத்துவார்கள் என்று தெரியும், விட்டுவிடுவோம்.

குறளில் 'பொருதகர்' வருகிறது. சண்டைக் கிடா பாய்வதற்குமுன் பின்வாங்கும், ஊக்கமுடையவன் ஒடுங்கியிருப்பது அதுபோல என்கிறார். உங்கள் ஆட்டத்துக்கு இது ஆகுமா என்று பாருங்கள்.

ஒரு தடை மட்டும் சொல்கிறேன். எழுத்தில் பொரு வேறு, பொறு வேறு. காதில் இரண்டும் ஒன்றுதான். மேடையோரத்தில் நின்று நீங்கள் "பொரு! பொரு!" என்று கத்த, பையன் 'பொறு' என்று கேட்டு நின்றுவிட்டால், எதிரே இருக்கிறவன் பொறுக்கமாட்டான்.

---

அனுப்புநர்: பிறையிலிருந்து ஒரு கறுப்புப் பட்டை

ஐயா சொன்னதைப் படித்துவிட்டு மாமாக் கடையில் தே தாரிக் புரையேறிவிட்டது.

அண்ணா, எதிராட்டத்தை விட்டுக்கொடுக்கிறேன். எங்களுக்கும் எதிருதை வேண்டும்தான். ஆனால் 'மூவடிப் பொருதல்' என்று நேற்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஒரு சின்னவள் உடனே, "மாவலி சக்கரவர்த்தி கதையா டீச்சர்?" என்றாள். மூன்றாவது அடி தலையில்தான் விழும் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம், எதையும் சொல்லி வைக்காத ஆட்டத்துக்குத் தனிப் பெயர் வைக்கவில்லையே? அதுதானே பெற்றோர் பயப்படுவது?

---

அனுப்புநர்: செந்தூல் பயிற்றுநர்

ஐயாவுக்கு வணக்கம். கிடா ஆகுமா என்று கேட்டீர்கள். அப்படியே ஆகும். ஒரு கால் பின்னால் இழுத்துவிட்டு, எதிராளி துரத்திக்கொண்டு வரும்போது முதுகைத் திருப்பிக் குதிகாலால் குத்துகிற உதை ஒன்று இருக்கிறது, 'த்வி சாகி' என்பார்கள். பின்வாங்கத் தெரியாத பிள்ளைக்கு அது வரவே வராது. உயரமான பையன்கள் கடைசிவரை கற்றுக்கொள்ளாமல் போவதும் அதனால்தான், அவர்களுக்குப் பின்வாங்குவது மானப் பிரச்சினை. அடுத்த வாரம் ஆட்டுக்கிடாவை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

பொரு, பொறு குழப்பம் நியாயமானது, ஆனால் மேடையில் அது வராது. கட்டளைகள் எல்லாம் கொரிய மொழியில்தான் இருக்கும், அதை யாரும் மாற்றப்போவதில்லை. கோலாலம்பூரில் தமிழ்ப் பையனும் சீனப் பையனும் மலாய் நடுவருக்குமுன் நிற்கும்போது மூவருக்கும் பொதுவாக இருக்கிறது 'சிஜாக்' ஒன்றுதான். ஓரத்தில் நிற்கிற நாங்கள் கத்துவது 'உள்ளே போ', 'கையத் தூக்கு', 'மூச்சு விடு'. பொருது என்பது எழுதுகிறபோதும் விளக்குகிறபோதும்தான் வேண்டும்.

> எதையும் சொல்லி வைக்காத ஆட்டத்துக்குத் தனிப் பெயர்

தங்கச்சி, யோசித்துத்தான் விட்டேன். 'கட்டற்ற', 'தன்போக்கு' என்று எதைச் சேர்த்தாலும் கட்டுப்பாடே இல்லாத மாதிரி ஒலிக்கிறது. அந்த அம்மா கைப்பையைத் திறக்கவே மாட்டார். உண்மையில் கட்டு அங்கேதான் அதிகம். விழுந்தவனை அடிக்கக்கூடாது, இடுப்புக்குக் கீழே உதைக்கக்கூடாது, பிடித்துத் தள்ளக்கூடாது. மீறினால் எதிராளிக்கு ஒரு புள்ளி. அதனால் அடி எண்ணிக்கை சேர்த்தால் பயிற்சி, ஓரடிப் பொருதல், ஈரடிப் பொருதல். எதுவும் சேர்க்காமல் பொருதாட்டம் என்றாலே முழு ஆட்டம். போட்டிக்கும் அதே பெயர்.

கையேட்டில் முதல் இடத்தில் மட்டும் 'ஸ்பாரிங் எனப்படும் பொருதாட்டம்' என்று போகிறது, அப்புறம் வெறும் பொருதாட்டம். பிள்ளைகள் மண்டபத்தில் ஸ்பாரிங் என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும். படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத்தான் இது.

அடுத்தது, நேரியோ சாகி. காலைத் தலைக்கு மேலே தூக்கிக் குதிகாலைக் கீழே இறக்குகிற உதை. ஆங்கிலத்தைப் பார்த்துக் 'கோடரி உதை' என்று ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கொரியச் சொல்லில் கோடரியும் இல்லை, ஒன்றும் இல்லை, இறக்குகிற உதை என்றுதான் இருக்கிறது. 'இறக்குதை' என்று போடலாமா? அச்சுக்கு வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டும்.