2வது பிக்குக்கு ஏறலாமா?

அஸ்தம்பட்டி பையன்: சேலத்துல பத்து பேர் சேர்ந்து சேலரி கேப் (டீமோட மொத்த சம்பளத்துக்கு வரம்பு) வெச்சு என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால்) ஃபேன்டஸி லீக், அதாவது நிஜ வீரர்களை வெச்சு கற்பனை டீம் அமைக்குற ஆட்டம் ஆடுறோம், புது வீரர்களை வரிசையா எடுக்குறதுல எனக்கு 8வது பிக் (தேர்வு வாய்ப்பு), 2க்கு ஏறணும்னா அடுத்த வருஷ முதல் ரவுண்டு பிக்கையும் சேர்த்துக் கேக்குறாங்க, பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துற குவார்ட்டர்பேக் கண்டிப்பா வேணும், குடுக்கலாமாண்ணா?

ஏற்காடு மிளகு: அவசரப்படாத தம்பி. 2021ல நிஜ என்எஃப்எல்ல ஃபார்ட்டிநைனர்ஸ் டீம் 12லேருந்து 3க்கு ஏற மூணு முதல் ரவுண்டு பிக்கைக் குடுத்து ட்ரே லான்ஸ்ங்கிற குவார்ட்டர்பேக்கை எடுத்தாங்க, அங்க அவரு ஸ்டார்ட் பண்ணதே நாலு மேட்ச்தான், அடுத்த வருஷம் கடைசி பிக்கா, 262வதா வந்த பர்டிங்கிற குவார்ட்டர்பேக்தான் சூப்பர் பவுல் (இறுதிப் போட்டி) வரைக்கும் கொண்டுபோனாரு.

அம்மாபேட்டை அக்கா: 2017ல சீஃப்ஸ் டீம் 27லேருந்து 10க்கு ஏறித்தானே ஸ்டார் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை எடுத்தாங்க! ரூக்கிக்கு (புதுசா வர்ற வீரருக்கு) நாலு வருஷம் சம்பளம் கம்மி, உங்க லீக்லயும் அப்படின்னா மிச்சமாகுற கேப்புல பந்தைப் பிடிக்குற நல்ல ரிசீவர் வாங்கிடலாம். ஆளு மேல நம்பிக்கை இருந்தா ஏறுப்பா.

அஸ்தம்பட்டி பையன்: ரூக்கி சம்பளம் கம்மிதான்க்கா. 4வது பிக் கிடைக்குமான்னு முதல்ல கேட்டுப் பாக்குறேன்.