யூனோவில் கோப்பு வாசித்து மாட்டிக்கொண்ட அனுபவங்கள்

தலவாக்கலையிலிருந்து

மழைமானி, யூனோ பலகை (ஆர்டுயினோ வகைச் சிறு கணினிப் பலகை), எஸ்.டி. நினைவக அட்டை, சைரன் ஆகியவற்றை எப்படி இணைப்பது என்பது இந்தக் குழுவில் உள்ள எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக அந்த இரவுக்கே வருகிறேன். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண் சரிந்ததற்குப் பிறகு, எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலேயுள்ள சரிவைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவையே நானும் சைரன் ஒலிக்கும் எல்லையாக எடுத்து, அதை ஒரு ஜேசன் கோப்பில் (பெயரும் மதிப்புமாகத் தரவை எழுதும் உரைக் கோப்பில்) எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் மாலை அதே கோப்பில் எங்கள் தோட்டத்துப் பிரிவுகளின் பெயர்களைத் தமிழில் சேர்த்துவிட்டு, அட்டையைத் திரும்பச் செருகினேன். எல்லை அளவு கோப்பின் கடைசி வரியில் இருந்தது. நான் ஒதுக்கியிருந்த 256 பைட்டும் பெயர்களிலேயே தீர்ந்துபோனதால், ஜேசனை வாசிக்கும் லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) நினைவகம் போதவில்லை என்ற பிழையைத் திருப்பியிருக்கிறது; நான் அதைச் சோதிக்கவே இல்லை. கிடைக்காத எண் பூச்சியமாக வாசிக்கப்பட்டது.

மழை இல்லாத வரை மொத்தமும் பூச்சியம், எல்லையும் பூச்சியம் என்பதால் எந்தச் சத்தமும் எழவில்லை. இரவு இரண்டு மணிக்குத் தூறல் விழுந்து, மழைமானியின் வாளி ஒரே ஒரு முறை கவிழ்ந்து 0.2 மில்லிமீற்றர் என்று கணக்கானதும் சைரன் அலறியது. நான் கதவைத் திறந்தபோது, பக்கத்துக் காம்பரா அக்கா கைக்குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு, டோர்ச் லைட்டை வாயில் கவ்வியபடி படியிறங்கிக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் நீர் கூடச் சொட்டவில்லை, அவ்வளவு மெல்லிய தூறல்.

ஹட்டனிலிருந்து

இரண்டு கிலோபைட் ராம் உள்ள பலகையில் ஜேசனைக் கொண்டுவந்ததே முதல் தவறு என்பது என்னுடைய கருத்து. அடைப்புக்குறிக்கும் மேற்கோள்குறிக்கும், ஒவ்வொரு பதிவிலும் திரும்பத் திரும்ப வரும் சாவிச் சொற்களுக்கும் இடத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு இடம் போதவில்லை என்று அழுவதில் பொருளில்லை. எஸ்.டி. லைப்ரரி மட்டுமே 512 பைட்டைத் தன் பஃபருக்கு (தற்காலிகச் சேமிப்பிடத்துக்கு) எடுத்துக்கொள்கிறது. மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் சி.எஸ்.வி. கோப்பை வரி வரியாக வாசித்தால் 64 பைட் போதும்.

ஆனாலும் எனக்கும் ஒரு காயம் உண்டு. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் காலை, பகல், அந்தி என்று மூன்று நிறுவைகளையும் பேர் இலக்கத்தோடு காட்டும் சிறிய பெட்டி ஒன்றைச் செய்து கொடுத்தேன். கணக்கப்பிள்ளை பார்த்தார், மொத்தம் சரியாக இருந்தது, எல்லோருக்கும் திருப்தி. மூன்றாவது நாள் ஓர் அம்மா திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்: "காலையில நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன் தம்பி, மத்தியானந்தான் மலைக்கு வந்தேன். காலைக் கொழுந்து 9 கிலோன்னு எப்படி விழுந்துச்சு? என் அந்திக் கொழுந்து எங்கே?"

அவருடைய வரி 214, வெற்று, 9, 6 என்று இருந்தது. வரியைத் துண்டுகளாகப் பிரிக்கும் சி மொழியின் ஸ்டர்டொக் செயற்கூறு அடுத்தடுத்து வரும் இரண்டு காற்புள்ளிகளை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். வெற்று இடம் மறைந்து, பகல் நிறுவை காலைக்கும் அந்தி நிறுவை பகலுக்கும் நகர்ந்துவிட்டன. கூட்டுத்தொகை மாறாததால் இரண்டு நாளாக யாருக்கும் ஐயம் வரவில்லை. அதே லைப்ரரித் தொகுப்பில் உள்ள ஸ்டர்செப் வெற்று இடத்தையும் வெற்று இடமாகவே திருப்பித் தரும். அதற்கு மாற்றியதும் வேலை முடிந்தது. தனக்குக் கிடைக்காத காலைக் கொழுந்தை வேண்டாமென்று சொல்ல ஓர் ஆள் வந்திராவிட்டால், அந்தப் பெட்டி இன்னும் அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கும்.

பண்டாரவளையிலிருந்து

ஹட்டன் அண்ணா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய கதையிலேயே தவறு செய்தது சி.எஸ்.வி. தான், அதற்காக நாம் சி.எஸ்.வி.யைக் கைவிடச் சொல்லவில்லையே. தலவாக்கலைத் தம்பி பிழைக் குறியீட்டைச் சோதித்திருந்தால் அவருடைய ஜேசனும் ஒழுங்காக இருந்திருக்கும்.

என்னுடையது வைஃபை வசதியுள்ள ஈ.எஸ்.பி. 8266 பலகை. அப்பா கிழங்குக்கு மருந்து அடிக்கும் நாளை முடிவு செய்ய வானிலை முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாக ஐந்து நாளுக்கு 40 பதிவுகள், எல்லாமாகச் சுமார் 16 கிலோபைட். பாதுகாப்பான இணைப்பின் வாங்கும் பஃபருக்கே இன்னொரு 16 கிலோபைட் போய்விடும் என்பதால், முழுப் பதிலையும் ஒரே சரமாக (எழுத்துத் தொடராக) நினைவகத்தில் சேமிக்க முயன்றபோதெல்லாம் பலகை மறுதொடக்கம் ஆனது. சரி, வர வர வாசிப்போம் என்று இணைப்பையே நேராக லைப்ரரிக்குக் கொடுத்தேன். பிழை இல்லை என்று பதில் வந்தது. மழை மட்டும் ஐந்து நாளும் பூச்சியம். அப்பா அதை நம்பி மருந்து அடித்தார், மாலையில் கொட்டிய மழையில் அத்தனையும் ஓடையில் கலந்தது.

சேவையகம் பதிலைத் துண்டு துண்டாக அனுப்பும்போது ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் அளவைப் பதினாறடிமான எண்ணாக எழுதுகிறது. முதல் வரியில் 2000 என்று இருந்தது. 2000 என்பது தன்னளவிலேயே செல்லுபடியாகும் ஜேசன் என்பதால், லைப்ரரி அதை வாசித்துவிட்டு வேலை முடிந்தது என்று திரும்பிவிட்டது. எச்.டி.டி.பி. என்ற இணையப் பரிமாற்ற முறையின் பழைய 1.0 பதிப்பில் கேட்டால் துண்டுகள் வராது. அதைச் செய்து, லைப்ரரியின் 6ஆம் பதிப்பில் உள்ள வடிகட்டியால் நேரத்தையும் மழையளவையும் மட்டும் எடுத்துக்கொண்ட பிறகு சிக்கல் இல்லை. அப்பா மட்டும் இப்போதும் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் மருந்துத் தாங்கியைத் தோளில் மாட்டுகிறார்.

நுவரெலியாவிலிருந்து

என்னுடைய கதை சிறியது. பொலித்தீன் கூடாரத்தின் வெப்பக் கட்டுப்பாட்டு அமைப்புக் கோப்பைப் பலகை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றது. திரும்பி வந்தபோது பாதிக் கோப்புதான் இருந்தது. காலையில் நாற்றுகள் உறைபனியில் கருகியிருந்தன.

தம்பி தங்கச்சிமார் கேட்காவிட்டாலும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பெயர்களை எழுத்தெண்ணி அளக்காதீர்கள். நுவரெலியா என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினி எழுத்துத் தரமான யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளையும் சேர்த்து ஒன்பது குறியீடு, அதைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 27 பைட், முடிவுக் குறிக்கு இன்னொன்று. 24 பைட் பஃபரில் அதை வைத்தால் எட்டாவது குறியீடு நடுவிலேயே வெட்டுப்பட்டுத் திரையில் பெட்டியாகத் தெரியும். கோப்பைப் பைதான் நிரல் மொழியில் உருவாக்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அதன் ஜேசன் தொகுதி, நாம் வேண்டாமென்று சொல்லாத வரை, ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் பின்சாய்வுக் கோட்டில் தொடங்கும் ஆறு எழுத்துகளாக எழுதும், அதாவது நுவரெலியா கோப்பில் 54 பைட்டாக இருக்கும். தலவாக்கலையும் பண்டாரவளையும் அதே கணக்குத்தான், எண்ணிப் பார்த்துவிட்டேன்.

விரிதாளிலிருந்து யூ.டி.எஃப்-8 சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் ஒட்டிக்கொண்டு வரலாம். முதல் நெடுவரிசையின் தலைப்பு மட்டும் ஒருபோதும் பொருந்தவில்லை என்றால் அதைத் தேடுங்கள். புதிய கோப்பை வேறு பெயரில் முழுதாக எழுதி மூடிய பிறகே பழையதை அகற்றுங்கள். கடைசி வரியில் முடிவு என்று ஒரு சொல் வையுங்கள், அது இல்லாத கோப்பை வாசிக்க மறுத்துவிடுங்கள். மிக முக்கியமான இரண்டு மூன்று எண்களை மின்சாரம் போனாலும் அழியாத யூனோவின் 1024 பைட் ஈப்ரொம் நினைவகத்தில் வைத்தால் அட்டை பழுதானாலும் அவை இருக்கும், ஆனால் ஓர் இடத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறைதான் எழுதலாம் என்பதால் நிமிடத்துக்கு ஒரு முறை எழுதித் தேய்க்க வேண்டாம். சரங்களை ஒட்டி ஒட்டிப் பெரிதாக்கும் பழக்கத்தையும் விடுங்கள். மொத்தத்தில் இடம் இருந்தும் தொடர்ச்சியான இடம் கிடைக்காமல் பலகை நான்காம் நாள் நின்றுபோவதற்கு அதுவே காரணம்.

தலவாக்கலையிலிருந்து, மீண்டும்

நுவரெலியா ஐயாவுக்கு நன்றி. பெயர்களை எடுத்துவிட்டுப் பிரிவு இலக்கங்களை மட்டும் வைத்திருக்கிறேன். வாசித்த எல்லை 50க்குக் கீழேயோ 150க்கு மேலேயோ இருந்தால் கோப்பை ஒதுக்கிவிட்டு, நிரலிலேயே எழுதியுள்ள 75ஐ எடுத்துக்கொள்கிறது. ஹட்டன் அண்ணாவுக்காகச் சொல்கிறேன், ஜேசனை மாற்றவில்லை.

முதல் பதிவில் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்த இரவுக்கு ஐந்து வாரம் கழித்து, அடைமழையில் சைரன் இரண்டாவது முறை ஒலித்தது. நான் வெளியே ஓடிவந்து பார்த்தபோது திரையில் 75.2 என்று இருந்தது. எங்கள் வரிசையில் மொத்தம் பன்னிரண்டு கதவு. திறந்தவை நான்கு. பக்கத்துக் காம்பரா அக்காவின் கதவை நான்தான் தட்டினேன். அவர் உள்ளிருந்தே, "அது சும்மாதான் கத்தும், போய்ப் படு தம்பி" என்றார்.